செய்தலும் விடுதலும்: கருணைக் கொலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தீரா நோயாளியின் உயிரை மருந்தேற்றிப் போக்குதலும், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தி அவரை இறக்க விடுதலும் வேறு வேறானவை என்பது மருத்துவ ஒழுக்கவியலின் மரபான கொள்கை. முன்னையது குற்றம், பின்னையது சில நிலைமைகளில் ஏற்புடையது என்பதே அதன் சாரம். இப்பாகுபாட்டின் வலுவையும் வரம்பையும் இருபதாம் நூற்றாண்டின் வழக்குகள் சில துலக்கிக் காட்டுகின்றன.

1952இல் கோப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளரின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாற் காற்றூட்டினர். பின்னர் இயந்திரங்கள் அப்பணியை ஏற்றன. நினைவு மீளாத உடலிலும் மூச்சு நீடிக்கலாயிற்று. இயற்கை தானே முடித்துவைத்த ஒன்றை மனிதர் தீர்மானிக்க வேண்டிய நிலை தோன்றியது.

1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் மேற்கூறிய பாகுபாட்டைத் தன் கொள்கையாக அறிவித்தது. 1975 ஜனவரியில் மெய்யியலாளர் யேம்ஸ் ரேச்சல்ஸ் அதனை மறுத்தார். சொத்துக்காகச் சிறுவனொருவனை நீரில் அமுக்கிக் கொல்பவனையும், அதே நோக்கோடு வந்து, சிறுவன் தானே வழுக்கி மூழ்குவதை வாளாவிருந்து பார்ப்பவனையும் அவர் ஒப்பிட்டார். இருவர் குற்றமும் சமமாயின், கொல்லுதலுக்கும் சாகவிடுதலுக்கும் இடையே தன்னளவில் ஒழுக்க வேறுபாடு இல்லை என்பது அவர் வாதம்.

அவ்வாண்டு ஏப்பிரலில் நியூ யேர்சி மாநிலத்தில் கரன் ஆன் குயின்லன் என்னும் இளம்பெண் நினைவிழந்தார். சுவாச இயந்திரத்தை அகற்றுமாறு தந்தை கோரினார். 1976 மார்ச் 31இல் மாநில உயர்நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது; அதனால் நேரும் சாவு கொலையன்று, இருந்த நோயின் இயல்பான முடிவே என்றது. ஆயின் இயந்திரம் நீங்கிய பின்னும் அவர் தாமாகவே சுவாசித்தார். குழாய்வழி உணவுடன் 1985 யூன் வரை உயிர்வாழ்ந்தார். சிகிச்சையை விடுதல் என்பது சாவைத் தருதலே என எப்போதும் கொள்ளவியலாது என்பதை இவ்வழக்கு உணர்த்திற்று.

இங்கிலாந்தில் முரண் மேலும் கூர்மையுற்றது. தாங்கொணா வலியுற்றுச் சாவை வேண்டிய மூதாட்டிக்குப் பொற்றாசியம் குளோரைட்டு ஏற்றிய வைத்தியர் நைஜல் கொக்ஸ், 1992 செப்டெம்பரில் கொலை முயற்சிக் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். ஐந்து மாதங்களின் பின், 1989இன் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் மூளை சிதைந்த அந்தோனி பிளாண்ட் என்னும் இளைஞருக்குக் குழாய்வழி உணவை நிறுத்தலாமெனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1993 மார்ச் 3இல் அவர் இறந்தார். சாவை வேண்டியவருக்கு உதவியவர் தண்டிக்கப்பட, எதையும் வேண்டவியலாதவரின் சாவு சட்டப்படி அமைந்தது. உணவின்றி மெல்ல இறக்கவிடல் முறையாகவும், ஓர் ஊசியால் உடன் முடித்தல் முறைகேடாகவும் இருப்பதற்கு ஒழுக்க விடை காண்பது கடினம் எனத் தீர்ப்பளித்த நீதியரசருள் ஒருவரே ஒப்பினார்.

ஆயினும் அப்பாகுபாட்டை வெறும் சொல்வித்தை எனத் தள்ளுதல் பொருந்தாது. வைத்தியரின் கை கொல்லும் கையாகாது என்னும் நம்பிக்கைக்கு அது அரணாகும். 2002இல் நடைமுறைக்கு வந்த நெதர்லாந்துச் சட்டம் அவ்வரணைக் கடந்தபோதும், கடும் நிபந்தனைகளை விதித்தே கடந்தது. எனவே, செய்தல் விடுதல் என்னும் கோடு சட்டத்துக்கு எல்லையாகலாம், மனச்சான்றுக்கு விடையாகாது. சிகிச்சையை நிறுத்தும் வைத்தியரும் ஒரு முடிவைச் செய்கிறார். அம்முடிவு எவர் நன்மைக்காக, எவர் விருப்பின்படி எடுக்கப்பட்டது என்னும் வினாவுக்கு அவரும் விடையிறுத்தே ஆகவேண்டும்.