ஆங்கிலத்தில் சோழ மன்னர் பெயர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவர் ராஜராஜ சோழன். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பியவரும் ராஜராஜ சோழனே. இரண்டும் உண்மை, ஆனால் இருவரும் ஒருவர் அல்லர். முன்னவர் 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன். பின்னவர் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆட்சிக்கு வந்த இரண்டாம் ராஜராஜன். பெயருக்குப் பின் வரவேண்டிய ரோமன் எண்ணை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால், ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி ஒரு நொடியில் மறைந்துவிடுகிறது.

ஆனால், சோழர் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றிய நமது விவாதம் பெரும்பாலும் ழகரத்தோடு நின்றுவிடுகிறது. 'சோலா' என்று உலகம் உச்சரிப்பது நமக்கு உறுத்துகிறது. 'எல்' எழுத்தை நீக்கி 'இசட்', 'எச்' எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்கிறோம்.

இந்த உறுத்தலில் நியாயம் உண்டு. எனினும், 'சோலா' வெறும் ஆங்கிலேயர் பிழையன்று. அசோகரின் கல்வெட்டு இம்மரபினரைச் 'சோட' என்று குறிக்கிறது. தெலுங்கிலும் அவ்வடிவமே வழங்கியது. வடமொழியில் 'சோள', 'சோல' எனும் வடிவங்கள் உண்டு. ழகரம் இல்லாத மொழிகள் தத்தம் ஒலிக்கேற்ப அப்பெயரை ஏற்றன. ஆங்கிலமும் அவ்வாறே ஏற்றது.

'இசட்-எச்' கூட்டு, கோழிக்கோடு, ஆலப்புழை போன்ற பெயர்களால் நமக்குப் பழகியது. தமிழும் மலையாளமும் அறியாதவருக்கோ அது வேறு ஒலி. ரஷியப் பெயர்களில் அக்கூட்டைக் கண்டு பழகியவர், ஜகரத்துக்கு நெருங்கிய ஒலியாகவே அதை வாசிப்பார். ஆகவே, எழுத்தை மாற்றுவதால் மட்டும் உச்சரிப்பு திருந்திவிடாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'எல்' எழுத்தின் கீழ் கோடிட்டு ழகரத்தைக் காட்டியது. ஆய்வு நூல்களுக்கு அதுவே பொருத்தம். அன்றாட எழுத்துக்கு அது ஒவ்வாது.

அயல்நாட்டு மன்னர் பெயர்களில் ஆங்கிலம் ஒரே விதியைப் பின்பற்றுவதும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பெலிப்பே, ஆங்கிலத்தில் 'பிலிப்' ஆகிவிட்டார். இன்றைய மன்னர் ஆறாம் பெலிப்பேயை அதே ஆங்கிலம் 'பெலிப்பே' என்றே அழைக்கிறது. ரஷியாவின் 'பியோத்தர்' ஆங்கிலத்தில் 'பீட்டர்' ஆனார். 'இவான்' மட்டும் 'ஜான்' ஆகவில்லை. நெடுநாள் வழக்கில் ஊன்றிய பெயரை எளிதில் அசைக்க முடிவதில்லை. புதிதாக அறிமுகமாகும் பெயருக்கு அதன் சொந்த வடிவம் கிடைக்கிறது.

வழக்கை ஆணையால் மாற்றுவதன் சிரமத்தை நாமும் கண்டோம். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. விமர்சனங்கள் எழவே சில நாள்களில் அதைத் திரும்பப் பெற்றது. தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் கோயில்கள் யுனெஸ்கோ பட்டியலில் 'சோலா' எனும் வடிவிலேயே இடம்பெற்றுள்ளன. உலகின் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அதையே பயன்படுத்துகின்றன. அவ்வடிவைக் கைவிடுவது, தேடி வரும் வாசகருக்கு வழியை மறைப்பதாகிவிடும்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பொது எழுத்தில் நிலைபெற்ற வடிவத்தை வைத்துக்கொண்டு, முதன்முறை குறிப்பிடும்போது பெயரைத் தமிழ் எழுத்திலும் அருகில் தரலாம். குலோத்துங்கன் பெயரில் தகரத்தை 'டி' என ஒரு பக்கத்திலும் 'டி-எச்' என மறுபக்கத்திலும் எழுதாமல், ஒரு நூலுக்குள் ஒரே முறையைப் பின்பற்றலாம். இல்லையேல், பெயரடைவில் ஒரே மன்னர் இருவராகிவிடுவார். 'சோழ' என்பது மரபுப் பெயரே தவிர, மேலைநாட்டுக் குடும்பப் பெயர் போன்றதன்று. எனவே அகர வரிசையில் ராஜராஜனை அவர் பெயரின் கீழேயே தேட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணைத் தவறவிடக் கூடாது. 'முதலாம்', 'இரண்டாம்' என்பவை பிற்கால வரலாற்றாசிரியர்கள் இட்டவை. சோழர் கல்வெட்டுகளில் அவ்வெண்கள் இல்லை. பரகேசரி, ராஜகேசரி எனும் பட்டங்கள் அரசர்களுக்கு மாறி மாறி வந்தன. மெய்க்கீர்த்தியையும் ஆட்சியாண்டையும் பிற சான்றுகளையும் ஒப்பிட்டே எந்தக் கல்வெட்டு யாருடையது என்று அறிஞர்கள் பிரித்தறிந்தனர். பல்லாண்டு உழைப்பின் பயன் அந்தச் சிறிய எண்ணில் அடங்கியுள்ளது.

ழகரத்தை வேற்றுமொழியார் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று விரும்புவது மொழிப்பற்று. எந்த ராஜராஜன் என்று அவர்கள் ஐயமின்றி அறியும்படி எழுதுவது வரலாற்றுக்கு நாம் செய்யும் கடமை. முதலாவது பிறர் நாவைப் பொருத்தது. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.