நகை மதிப்பீட்டாளர்

நகை மதிப்பீட்டாளர் என்பவர் வங்கி, கூட்டுறவுச் சங்கம் அல்லது நிதி நிறுவனத்தில் அடகு வைக்கப்படும் தங்க நகைகளின் எடை, தூய்மை, மதிப்பு ஆகியவற்றைக் கணித்துச் சான்றளிப்பவர் ஆவார். பேச்சு வழக்கில் இவரை அப்ரைசர் என்றும் அழைப்பர். இவர் குறிக்கும் மதிப்பே கடன் தொகைக்கு அடிப்படை. எனவே கடன் நெருக்கடிக் காலங்களில் கடன் வாங்குபவர், கடன் கொடுப்பவர் ஆகிய இரு தரப்பின் இழப்பும் இவரது கணிப்பைப் பெரிதும் சார்ந்துள்ளது. தமிழ்நாட்டின் பட்டு நெசவு நகரான காஞ்சிபுரம் இத்தொழிலின் தன்மையை அறிய ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

சட்ட அடிப்படை

நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தின் மீது பெறும் அடமானக் கடன் 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வருகிறது. நகை போன்ற அசையும் பொருளை ஒப்படைத்துப் பெறும் கடன் 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் ஈடு எனப்படுகிறது. ஈட்டுப் பொருளை விற்கும் முன் உரியவருக்கு நியாயமான முன்னறிவிப்புத் தர வேண்டும் என இச்சட்டம் கூறுகிறது. தனியார் அடகுக் கடைகளை 1943 ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம் நெறிப்படுத்துகிறது. மிகை வட்டியைத் தடை செய்யும் தனிச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 2003 இல் இயற்றப்பட்டது.

பணிமுறை

மதிப்பீட்டாளர்களில் பலர் பொற்கொல்லர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பலர் மாதச் சம்பளம் பெறுவதில்லை. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு சிறு கட்டணம் பெறுகின்றனர். பொதுவாகப் பணியின் படிகள் பின்வருமாறு அமையும்:

- நகையைக் கண்ணால் பார்த்துப் பற்று வைத்த இடங்கள், உள்ளீடற்ற பகுதிகள் ஆகியவற்றை அறிதல்.
- உரைகல்லில் உரைத்து, அக்கோட்டில் அமிலம் இட்டு, நிற மாற்றத்தைக் கொண்டு தூய்மையை அறிதல். சில இடங்களில் ஊடுகதிர்க் கருவியும் பயன்படுகிறது.
- மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, நூல் ஆகியவற்றின் எடையைக் கழித்து நிகர எடை காணுதல்.
- நிகர எடையை 22 காரட் தங்கத்தின் விலையால் பெருக்கி மதிப்பு காணுதல்.
- நகையைப் பையிலிட்டு முத்திரையிட்டு, பதிவேட்டில் கையொப்பமிடுதல்.

22 காரட் தங்கத்தில் ஆயிரத்தில் 916 பங்கு தூய தங்கம் உள்ளது. 2021 சூன் 16 முதல் இந்தியாவில் தங்க நகைகளுக்குத் தரமுத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் அடகுக்கு வரும் நகைகளில் பல, அதற்கு முற்பட்ட பரம்பரை நகைகளாகும். அவற்றுக்கு முத்திரை இல்லை. மதிப்பீட்டாளரின் கண்ணும் கல்லுமே சான்று. உரைகல் மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்பது இம்முறையின் முக்கியக் குறைபாடாகும். தடித்த தங்கப் பூச்சுடைய போலி நகை இதனால் தப்பிவிடக்கூடும்.

காஞ்சிபுரத்தில் கடனும் நெசவும்

1904 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1906 அக்டோபரில், சென்னையின் அர்புத்நாட் நிறுவனம் நொடித்துப் பலர் தம் சேமிப்பை இழந்தனர். இதனைத் தொடர்ந்து 1907 இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது.

பட்டு நெசவாளரின் கடன் தேவை பருவத்தைச் சார்ந்தது. திருமண மாதங்களில் சேலை விற்பனை மிகும். ஆடி, மார்கழி மாதங்களில் குறையும். மழைக்காலத்தில் குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் நெசவு நிற்கும். இந்த இடைவெளியைக் கடக்க நெசவாளர் குடும்பங்களுக்கு உள்ள வழிகளில் ஒன்று நகைக் கடன். மற்றொன்று முதலாளியிடம் பெறும் முன்பணம். முன்பணம் வாங்கியவர் அதனை அடைக்கும் வரை வேறொருவரிடம் நெய்ய இயலாத நிலை ஏற்படுவதுண்டு. முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர்களைத் தறிக்கு அனுப்பும் வழக்கமும் முன்னர் இருந்தது. கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைப்பதை 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே ஒரு குடும்பத்தின் நகை சரியாக மதிப்பிடப்படுவது அக்குடும்பத்தின் உழைப்புச் சுதந்திரத்தோடும் தொடர்புடையது.

காஞ்சிபுரத்தில் தங்கத்துக்கு இரட்டைத் தன்மை உண்டு. சேலையின் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்கம் பூசிச் செய்யப்படுவது. தங்கம், வெள்ளி விலை உயர்ந்தால் நெசவாளரின் நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கும். ஆனால் சரிகை விலையும் உயர்ந்து சேலை விற்பனை மந்தமாகலாம். இதனால் கடன் பெறும் தகுதி உயரும் அதே வேளையில் கடனைத் திருப்பும் ஆற்றல் குறைய இடமுண்டு.

கடன் நெருக்கடிகள்

உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் விளைபொருள் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத நிலை சென்னை மாகாணம் எங்கும் பரவியது. 1931 செப்டம்பரில் பிரித்தானியா தங்க நாணய முறையைக் கைவிட்ட பின் தங்கத்தின் ரூபாய் மதிப்பு உயர்ந்தது. குடும்பங்கள் விற்ற நகைகளும் அடகில் மூழ்கிய நகைகளும் உருக்கப்பட்டுப் பெருமளவில் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. 1938 இல் இராசகோபாலாச்சாரி தலைமையிலான அரசு உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது.

2012 மார்ச்சில் இந்திய ரிசர்வ் வங்கி, நகைக் கடன் நிறுவனங்கள் நகை மதிப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக் கூடாது என வரம்பிட்டது. 2013 ஏப்ரல் 12, 15 ஆகிய நாட்களில் உலகச் சந்தையில் தங்க விலை கடுமையாகச் சரிந்தது. 15 ஆம் நாள் மட்டும் சுமார் 9 விழுக்காடு வீழ்ந்தது. அதற்கு முன் உயர்ந்த விலையில், உயர்ந்த விகிதத்தில் வழங்கப்பட்ட கடன்களில் நகையின் மதிப்பு நிலுவைக்கும் கீழே சென்றது. 2014 சனவரியில் வரம்பு 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இவ்விகிதத்தின் விளைவைப் பின்வரும் கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நகையின் மொத்த எடை 42 கிராம். கல், அரக்குக் கழிவு 2 கிராம். நிகர எடை 40 கிராம், அதாவது 5 பவுன். கிராம் விலை 5,000 ரூபாய் எனில் மதிப்பு 2,00,000 ரூபாய். 75 விழுக்காட்டில் கடன் 1,50,000 ரூபாய். ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனில் ஓராண்டு முடிவில் நிலுவை 1,65,000 ரூபாய். தங்க விலை 20 விழுக்காடு சரிந்தால் நகையின் மதிப்பு 1,60,000 ரூபாய் மட்டுமே. நகையை மீட்பதில் கடனாளிக்குப் பொருளாதார நன்மை இராது. ஏலமிட்டாலும் நிறுவனத்துக்கு முழுத் தொகை கிடைக்காது. 60 விழுக்காட்டில் கடன் 1,20,000 ரூபாய், நிலுவை 1,32,000 ரூபாய். ஆகவே விலைச் சரிவுக்குப் பின்னும் நகை மீட்கத்தக்கதாகவே இருக்கும். கழிவு எடையில் 2 கிராம் தவறினால் மதிப்பில் 10,000 ரூபாய் பிழை ஏற்படும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது திருமணங்களும் கோயில் வருகையும் நின்றன; காஞ்சிபுரத்தில் சேலை விற்பனையும் முடங்கியது. அதே காலத்தில் தங்க விலை உயர்ந்து, ஆகசுட்டில் உலகச் சந்தையில் ஒரு அவுன்சு 2,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. அம்மாதம் 6 ஆம் நாள் வங்கிகள் வேளாண்மை சாராத நகைக் கடன்களுக்கு 90 விழுக்காடு வரை வழங்க ரிசர்வ் வங்கி இசைவளித்தது. இச்சலுகை 2021 மார்ச் 31 வரை நீடித்தது. வருவாய் இல்லாத காலத்தில் உச்ச விலையில் வழங்கப்பட்ட இக்கடன்களில் விலைச் சரிவைத் தாங்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தது.

பொறுப்பும் இடரும்

நகை போலி எனப் பின்னர் தெரியவந்தால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு மதிப்பீட்டாளர் மீது விழக்கூடும். இதற்காகப் பல நிறுவனங்கள் அவரிடம் பிணைத்தொகையும் உறுதிப் பத்திரமும் பெறுகின்றன. அதே வேளையில் கடன் எண்ணிக்கை கூடினால்தான் அவருக்குக் கட்டணம் கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடு இத்தொழிலின் அடிப்படைச் சிக்கலாகும். குறைவாக மதிப்பிட்டால் தேவையுள்ள குடும்பம் கூடுதல் வட்டிக்கு அடகுக் கடையை நாடும். மிகுதியாக மதிப்பிட்டால் நகை மூழ்கும்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இதனையொட்டி அடகு நகைகள் ஆய்வு செய்யப்பட்டன. சில சங்கங்களில் போலி நகைகள் மீது கடன் வழங்கப்பட்டிருந்தது அப்போது வெளிப்பட்டது. ஒரே குடும்பம் பல கடன்கள் பெற்றிருந்த நேர்வுகளும் கண்டறியப்பட்டன. ஒரு கடன் 5 பவுனுக்கு உட்பட்டதா என்பதை மதிப்பீட்டாளர் முன்னர் பதிந்த எடையே தீர்மானித்ததால் பழைய பதிவேடுகள் புதிய முக்கியத்துவம் பெற்றன.

2025 ஆம் ஆண்டின் விதிகள்

2025 சூன் 6 அன்று ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன்களுக்கான ஒருங்கிணைந்த நெறிமுறைகளை வெளியிட்டது. இவற்றை 2026 ஏப்ரல் 1 க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் எனக் கூறப்பட்டது. முக்கியக் கூறுகள்:

- நுகர்வுக் கடன்களில் 2.5 லட்சம் ரூபாய் வரை 85 விழுக்காடும், 5 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் வரம்பு. தவணை முடிவில் மொத்தமாகத் திருப்பும் கடன்களில் வட்டியையும் சேர்த்தே இவ்விகிதம் கணக்கிடப்படும்.
- 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை ஆகியவற்றுள் குறைந்ததைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.
- மதிப்பிடும்போது கடன் பெறுபவர் உடனிருக்க வேண்டும். எடை, தூய்மை, கழிவு ஆகியவற்றைக் குறித்த சான்று அவருக்கு வழங்கப்பட வேண்டும்.
- கடன் தீர்ந்தபின் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

மதிப்பிடும்போது உடனிருப்பதும் கழிவு எடையை எழுத்தில் பெறுவதும் கடன் பெறுபவருக்கு உள்ள முதன்மையான பாதுகாப்புகளாகும். அடகுச் சீட்டில் குறித்த நிகர எடையை வீட்டிலோ வேறு கடையிலோ முன்னரே அறிந்த எடையுடன் ஒப்பிட்டுப் பார்க்க இது வழி செய்கிறது.

இவற்றையும் பார்க்க

- அடகுக் கடை
- உரைகல்
- காஞ்சிபுரம் பட்டுச் சேலை
- கூட்டுறவு இயக்கம்
- கொத்தடிமை முறை
- சரிகை