மைனஸ் பதிமூன்று எங்கே போச்சு?

“பெருக்கினா மைனஸ் 39, கூட்டினா 10... அந்த ரெண்டு நம்பர் எதுடா?” - ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பிரம்போடு கேட்டது ஞாபகம் இருக்கிறதா? ‘13, மைனஸ் 3’ என்று தட்டுத்தடுமாறிச் சொல்லித் தப்பித்திருப்பீர்கள். அந்தக் ‘காரணிப்படுத்துக’ கணக்குக்குப் பின்னால் ஒரு சோகக்கதை உண்டு!

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு, பாக்தாத். அல்-குவாரிஸ்மி என்ற மேதை (அல்ஜீப்ரா என்ற பெயரே அவருடைய புத்தகத் தலைப்பிலிருந்து வந்ததுதான்!) இதே கணக்கைப் போட்டார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39. எண் எது? சதுரம் வரைந்து பார்த்து, விடை 3 என்றார். சரிதான். ஆனால், மைனஸ் 13-ம் விடைதானே? போட்டுப் பாருங்கள்... 169-ல் 130 போனால் 39! சதுரத்தின் பக்கம் மைனஸில் இருக்குமா என்ன? அதனால், அந்த விடை அவர் கணக்கில் வரவேயில்லை.

சுமார் 800 ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மறுபக்கம் பூஜ்யம் போட்டார். தெரியாத எண்ணை ‘அ’ என்று வைத்து, நம் கணக்கை அவர் வழியில் எழுதினால்:

(அ − 3)(அ + 13) = 0

இரண்டைப் பெருக்கிப் பூஜ்யம் வந்தால், ஒன்றாவது பூஜ்யமாக இருந்தே தீரவேண்டும். ஆக, 3 அல்லது மைனஸ் 13. ஒளிந்திருந்த விடை வெளியே வந்துவிட்டது!

ஆனால், மனிதர் தன் அல்ஜீப்ராவில் ஒரு வரிகூட அச்சிடவில்லை. அவரை ஆதரித்த வால்டர் ராலே 1603 முதல் சிறையில். இன்னொரு புரவலரான நார்தம்பர்லாந்து பிரபு 1605-ல் உள்ளே போனார். அதே ஆண்டு ஹாரியட்டையும் பிடித்துச் சில வாரங்கள் அடைத்துவைத்தார்கள். யாருக்குத்தான் வாய் திறக்கத் துணிச்சல் வரும்?

மூக்கில் புற்றுநோய். 1621-ல், சாவதற்கு மூன்று நாள் முன்பு உயில் எழுதினார். கணக்குத் தாள்களை நண்பர்கள் பார்த்து அச்சிட வேண்டும் என்பது கடைசி ஆசை.

பத்து வருஷம் கழித்து, 1631-ல் புத்தகம் வந்தது. மைனஸ் விடைகளை மட்டும் காணோம்! நண்பர்களே விட்டுவிட்டார்கள். அவர் கைப்பட எழுதிய தாள்கள் 1784-ல்தான் ஒரு பிரபுவின் மாளிகையில் கிடைத்தன.

இன்று ராத்திரி வீட்டுப்பாடம் எழுதும் உங்கள் மகள், “மைனஸ் விடையும் எழுதணுமாப்பா?” என்று அலுத்துக்கொண்டால் சொல்லுங்கள்: “எழுதும்மா... அது ஒருத்தர் சாகும்போது நம்பி ஒப்படைச்சுட்டுப் போனது!”