ஊதாரி மைந்தன்: ஓர் ஓவியத்தின் வரலாறு



உங்கள் இல்லங்களை மந்திரிக்க நாம் வரும்போதெல்லாம் சுவரில் திரு இருதய ஆண்டவரின் படத்தைக் காண்கிறோம். “இது எப்போது மாட்டியது?” என்று கேட்டால், அந்த வீட்டின் கதையே பதிலாக வரும். தாயாரின் திருமணம், மறைந்த தகப்பனாரின் கடைசி செபம் என்று நினைவுகள் பெருகும். படம் ஆண்டவருடையது, அது எழுப்பும் நினைவோ வீட்டாருடையது.

திருச்சபை இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. கி.பி. 600-ஆம் ஆண்டையொட்டி, மார்செய் நகர மேற்றிராணியார் செரேனுஸ், மக்கள் படங்களை ஆராதிக்கிறார்கள் என்று அஞ்சி அவற்றை உடைத்தெறிந்தார். பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் அவருக்கு எழுதிய கடிதங்களில், ஆராதனையைத் தடுத்தது சரியே, ஆனால் உடைத்தது தவறு என்றார். எழுத்தறியாதோர் ஏட்டில் படிக்க இயலாததைச் சுவரில் படிக்கின்றனர் என்பது அவர் தந்த விளக்கம்.

இப்படிச் சுவரில் படிக்கத்தக்க ஓவியம் ஒன்றை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அது ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டு வரைந்த ‘ஊதாரி மைந்தனின் திரும்புதல்’.

1606-இல் லெய்டன் நகரில் மாவு ஆலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ரெம்பிராண்டு. இளமையிலேயே புகழும் பணமும் சேர்ந்தன. 1635-ஐ ஒட்டி, தம்மையே மதுக்கடையில் கிண்ணம் உயர்த்திச் சிரிக்கும் ஊதாரி மைந்தனாகவும், மனைவி சாஸ்கியாவைத் தம் மடியில் அமர்ந்த தோழியாகவும் தீட்டினார். அது வாழ்வின் உச்சிக்காலம். பின்னர் மூன்று குழந்தைகள் சிசுப்பருவத்திலேயே மாண்டன. 1642-இல் சாஸ்கியா இறந்தார். 1656-இல் கடன் தாளாமல் நொடித்துப்போனார். வீடும் பொருளும் ஏலம் போயின. 1668-இல் எஞ்சியிருந்த மகன் டைட்டசும் மறைந்தான். மறு ஆண்டு அவரும் கண்மூடினார்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் வரைந்ததே இந்த ஓவியம். ஏறக்குறைய எட்டரை அடி உயரம். மகன் முழந்தாளிட்டிருக்கிறான், தலை மழிக்கப்பட்டிருக்கிறது, ஒரு கால் செருப்பு கழன்று வெறும் பாதம் தெரிகிறது. பார்வை மங்கிய கிழத்தகப்பன் இரு கைகளையும் அவன் முதுகில் வைத்திருக்கிறார். மதுக்கடையில் சிரித்த முகம் இங்கே இல்லை. பிள்ளைகளைப் புதைத்த ஒரு தகப்பனே, பிள்ளையைத் திரும்பப் பெற்ற தகப்பனை வரைந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1766-இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரீன் இதை வாங்கினார். இன்று புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அரும்பொருளகத்தில் உள்ளது.

1983-இல் ஹென்றி நோவென் என்னும் ஹாலந்து நாட்டுக் குரு, பிரான்சில் ஓர் அறைக்கதவில் இந்த ஓவியத்தின் அச்சுப்படத்தைக் கண்டார். நீண்ட சொற்பொழிவுப் பயணத்தால் களைத்திருந்த அவர், தம்மையே அந்த இளைய மகனாக உணர்ந்தார். 1986-இல் ரஷ்யா சென்று மூல ஓவியத்தின்முன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். பின்பு நண்பர் ஒருவர், “நீர் மூத்த மகனாகவும் இருக்கலாமே” என்னும் பொருள்படக் கேட்டார். அது அவரைச் சுட்டது. ஓவியத்தின் வலப்பக்கம் சிவப்பு மேலாடையுடன், கைகளைக் கோத்து, விலகி நிற்பவன்தான் அந்த மூத்தவன். இறுதியில், தாம் தகப்பனாகவே மாற அழைக்கப்பட்டிருப்பதை நோவென் உணர்ந்து, 1992-இல் நூலாக எழுதினார். 1996-இல் அதே ஓவியத்தைப் பற்றிய படப்பிடிப்புக்குச் செல்லும் வழியில் காலமானார்.

நாமும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பல்லாண்டுகள் கோவில் பக்கமே வராத ஒருவர் தயங்கித் தயங்கி நம் அறைவாசலுக்கு வந்தபோது, நாம் முதலில் கேட்டது அவருடைய வரிப் பாக்கியை. அவர் திரும்பிப் போய்விட்டார். இந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் கைகளைக் கோத்து நிற்கும் அந்த மூத்தவனில் நம் முகமே தெரிகிறது.

பழைய ஏற்பாட்டில், ஐம்பதாம் ஆண்டான யூபிலி, அவரவர் தம் குடும்பத்திற்குத் திரும்பும் ஆண்டு. மனத்தாங்கலால் பிரிந்து நிற்போர் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் வரும்போது கணக்குக் கேளாமல் முதலில் கைகளை நீட்டுவோம். அந்த வரம் நமக்குக் கிடைக்க எமக்காகவும் மன்றாடுங்கள்.