வேர் மருந்தும் சிறுநீர்க்குழாய்ப் புற்றும்: பெரம்பலூர் வட்டாரத்தை முன்வைத்து

பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியில் ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனால், கேட்பவர் வாயில் முதலில் வருவது கல்லடைப்பு என்ற பெயர்தான். அதில் பிழையில்லை. பருத்திக்காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீரும் குறைவாகக் குடிப்பவர்களுக்குக் கல் வருவது இயல்பு. வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் குடிநீரும் கொடுப்பார்கள்; அடுத்தது ஸ்கேன். பெரும்பாலும் அது கல்லாகவே இருந்துவிடுகிறது. கல்லில்லாத சிலரது நோய் பிந்திப் புலப்படுவதும் அதனால்தான்.

சிறுநீர்ப்பாதையின் உட்சவ்வில் தோன்றும் புற்றுகளில் பெரும்பாலானவை சிறுநீர்ப்பையில் வருபவை. சிறுநீரகத்துக்குள் நீர் சேரும் கிண்ணத்திலும், அங்கிருந்து பைக்கு இறங்கும் குழாயிலும் வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரையே. எண்ணிக்கையில் அரியது, இயல்பில் பைப் புற்றைவிடக் கொடியது. கண்டறியும்போதே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளிடம் சுவருக்குள் ஊடுருவியிருக்கும். குழாயின் சுவர் மெல்லியது. நோயாளி வந்து சேர்வதும் தாமதம்.

புகையிலையும் குடும்பவழி வரும் லிஞ்ச் நோய்க்குறியும் இப்புற்றுக்கு அறிந்த காரணங்கள். எல்லா நோயாளியிடமும் புகைப்பழக்கம் பற்றிக் கேட்கிறோம். உள்ளே சாப்பிட்ட வேர், சூரணம், கஷாயம் பற்றியும் அதே அக்கறையோடு கேட்டுக் குறிக்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்கான சான்று ஐரோப்பாவிலிருந்து வருகிறது.

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்கவென்று சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். செயலிழந்த சிறுநீரகங்களையும் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குப் புற்று இருந்ததாக 2000ஆம் ஆண்டு ஆய்வு வெளிவந்தது. டான்யூப் ஆற்றுப் படுகையின் பால்கன் கிராமங்களில் 1950களிலிருந்து புதிராக இருந்த சிறுநீரக நோய்க்கும் இதுவே வேர் என்று பின்னர் துலங்கியது. அங்கே யாரும் மருந்தாகச் சாப்பிடவில்லை. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோகியாவின் விதை அறுவடையில் கலந்து மாவாகி, ரொட்டியாகி வயிற்றுக்குள் போனது. இச்செடியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மரபணு இழையில் ஒட்டி, அடினின் இருந்த இடத்தில் தைமினை அமரச் செய்கிறது. குரோவாசியாவிலும் தைவானிலும் நோயாளிகளின் கட்டிகளில், பி53 மரபணுவில் இத்தடம் கிடைத்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வமிலத்தை மனிதரில் புற்று விளைவிப்பது உறுதியான முதற்பிரிவில் வைத்திருக்கிறது.

நம் கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையும், கொடியாக ஏறும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனத்தவை. குடற்புழுவுக்கும் விஷக்கடிக்கும் தோல் நோய்க்கும் அவற்றைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். சித்த மருத்துவர் இருவகையில் மறுக்கலாம்: சுத்தி செய்த பிறகே தருகிறோம், சில நாளே தருகிறோம். முதல் மறுப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. ரொட்டி அடுப்பின் சூட்டிலும் அழியாத நஞ்சு, சுத்தியில் நீங்குகிறது என்றால் ஒவ்வொரு முறைக்கும் வேதியியல் சோதனை காட்டியாக வேண்டும். இரண்டாவது மறுப்பில் வலுவுண்டு. பெல்ஜியத்திலும் மொத்தமாக 200 கிராமுக்கு மேல் உட்கொண்டவர்களிடமே புற்று மிகுதி. மேற்பூச்சையும் மாதக்கணக்கில் உட்கொண்ட பொடியையும் ஒன்றாக எண்ணக்கூடாது. ஆகவே என்ன சாப்பிட்டார் என்பதோடு எவ்வளவு காலம் என்பதும் நோயாளிச் சீட்டில் ஏற வேண்டும். இக்கேள்வியைக் கடிந்து கேட்டால் நோயாளி மறைத்துவிடுவார். சித்த மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் செடியின் பெயரும் சரியாகக் கிடைக்கும்.

கண்டறிதலில் இடறும் இடங்கள் சில. குழாய்க்குள் இருக்கும் சிறு கட்டி அல்ட்ராசவுண்டில் எளிதில் தப்பிவிடும். சிறுநீரகம் நீர்கோத்து வீங்கியிருப்பது மட்டும் தெரியும். வீக்கம் இருந்து கல் தென்படாவிட்டால், வலியில்லாமல் ரத்தம் போனால், சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி யூரோகிராம் தேவை. கிரியாட்டினின் ஏறியவருக்குச் சாய மருந்து தயக்கம் தரும். அவருக்கு எம்ஆர்ஐ, அல்லது கீழிருந்து குழாய் வழியே சாயம் செலுத்தும் படம். சிறுநீரில் உதிரும் செல்களைப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை; வீரியம் குறைந்த கட்டியை அது தவறவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. பெண்களின் நிலை இன்னும் வருத்தம் தருவது. ரத்தம் போகிறதென்றால் நீர்க்கடுப்பு என்றோ மாதவிலக்குக் கோளாறு என்றோ முடிவுகட்டி, கிருமி வளர்ப்புச் சோதனைகூட இல்லாமல் அடுத்தடுத்து மாத்திரை தரப்படுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பணியாளர், “சிறுநீர் சிவப்பாகப் போனதுண்டா அம்மா?” என்றும் கேட்கலாம்.

வீரியம் குறைந்த சிறு கட்டியை உள்நோக்கி வழியே லேசரால் எரித்துச் சிறுநீரகத்தைக் காக்கலாம். மற்றவற்றுக்குச் சிறுநீரகத்தையும் முழுக் குழாயையும், குழாய் பைக்குள் நுழையும் வளையத்தோடு எடுப்பதே முறை. வளையத்தை விட்டுவைத்தால் அங்கேயே நோய் திரும்பக்கூடும். அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் பிளாட்டினம் சார்ந்த கீமோ தொடங்கினால் நோய் திரும்புவது குறைகிறது என்று பிரிட்டனின் 261 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2020இல் காட்டியது. சிக்கல் என்னவென்றால், சிஸ்பிளாட்டினைத் தாங்க நல்ல சிறுநீரகம் வேண்டும். அறுவைக்குப் பின் இருப்பதோ ஒன்று. அரிஸ்டோலோகிக் அமிலம் காரணமாக இருந்தால் அந்த ஒன்றும் பழுதுபட்டிருக்கும்; புற்று அங்கும் வரலாம். இத்தகையவருக்குக் கீமோவை அறுவைக்கு முன்பே கொடுப்பது பற்றி மருத்துவக் குழு கூடிப் பேச வேண்டும். மறுபக்கச் சிறுநீரகத்தையும் பையையும் ஆயுள் முழுதும் கண்காணிக்க வேண்டும். வேர் மருந்து பற்றிய ஒரு கேள்வி சிகிச்சையின் வரிசையையே மாற்றக்கூடியது என்பது இதனால்தான்.

நம் வட்டாரத்திலும் இது நடக்கிறதா என்பதற்குப் பழைய நோயாளிகளின் திசுவிலும் விடை தேடலாம். அமிலம் மரபணுவில் ஒட்டிய தடம் சிறுநீரகத் திசுவில் பல்லாண்டு நிற்கும். மெழுகுக்கட்டியில் பதித்த திசுவிலிருந்தும் அதை அளக்க முடியும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார் அறுவைக்குப் போகும் திருச்சி, தஞ்சாவூர், வேலூர், புதுச்சேரி, சென்னை மருத்துவமனைகளின் நோயியல் துறைகள், அகற்றிய சிறுநீரகங்களின் மெழுகுக்கட்டிகளை நோயாளியின் வட்டம் குறித்துப் பிரித்து, முதலில் கிண்ணத்திலோ குழாயிலோ புற்று இருந்தவற்றிலும், அடுத்துக் காரணம் புலப்படாமல் சுருங்கிப்போன சிறுநீரகங்களிலும் இத்தடத்தைத் தேட வேண்டும்.