முன்ஷி அப்துல்லாவை எந்தக் கட்டத்தில் போடுவது?

‘இனம் என்பது ஒரு சமூகக் கட்டமைப்பு’ என்ற கருத்தை விளக்கி எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இனம் என்று ஒன்று கிடையாது, அது கற்பனை, மனிதர் எல்லாரும் ஒன்று. நல்ல எண்ணம்தான். ஆனா, அது வரலாற்று விடை ஆகாது. ஏன் என்பதை ஒரு மனிதரை வைத்துப் பார்ப்போம்.

முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். தம் குடும்பக் கதையை ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் அவரே சொல்கிறார். ஏமனிலிருந்து புறப்பட்ட அரபுக்காரரான கொள்ளுத்தாத்தா நாகூரில் தங்கி அங்கேயே மணம் முடித்தார். பிறகு அந்த வழியினர் மலாக்காவுக்கு வந்தார்கள். மலாக்கா வணிகர்களிடம் தமிழ் புழங்கிய காலம் அது. சிறுவன் அப்துல்லா திருக்குர்ஆனோடு தமிழும் படித்தார். சரி, அவர் அரபியரா, தமிழரா, மலாய்க்காரரா? அவர் 1854-இல் இறக்கும்வரை இந்தக் கேள்விக்கு ஒரு கட்டத்தில் மட்டும் கோடு போட வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

அந்தக் கட்டம் பின்னால்தான் வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1871-இல் மக்கள்தொகை கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் அச்சே மக்கள், ஆர்மீனியர், பூகிஸ், ஜாவானியர், மலாய்க்காரர், பார்சி என்று ஆங்கில அகரவரிசையில் பெயர்கள் நீளும். ‘ஜாவி பெக்கான்’ என்று, உள்ளூர் மலாய்ப் பெண்களை மணந்த இந்திய முஸ்லிம்களின் வழிவந்தவர்களுக்குத் தனி வரி உண்டு. தமிழர்கள் ‘கெலிங்’ என்ற பெயரில் இருக்கிறார்கள். இன்று கேட்டால் கோபம் வரும் சொல், அன்று அரசாங்கத் தலைப்பு!

1891-இல் அந்த நீண்ட பட்டியலைச் சில பெரிய தலைப்புகளுக்குள் அடுக்கினார்கள். அதில் ஒன்று, ‘தமிழரும் பிற இந்தியக் குடிகளும்’. பார்சிக்காரரும் வங்காளியும் நமக்குக் கீழே வந்துவிட்டார்கள்! ஜாவி பெக்கான் மலாய்த் தலைப்பின் கீழ் போனது. அதே ஆட்கள்தான், அதே வீடுதான், மாறியது தாள் மட்டும். தலைப்பில் இருந்த ‘நேஷனாலிட்டி’ என்ற சொல்லும் படிப்படியாக விலகி, 1911 கணக்கெடுப்பில் ‘ரேஸ்’ என்பது நிலைத்தது. மனிதர்களை உடல்வழி இனங்களாக வரிசைப்படுத்துவதை அறிவியல் என்று ஐரோப்பா நம்பிய காலம் அது. தோட்டத்துக்குத் தமிழர், ஈயச் சுரங்கத்துக்குச் சீனர், வயலுக்கு மலாய்க்காரர் என்ற பொருளாதாரக் கணக்குக்கும் இது தோதாக இருந்தது. அந்தக் கணக்குக்கு ஒத்துவராத மலாய்க்காரரைச் ‘சோம்பேறி’ என்று முத்திரை குத்திய கதையைத்தான் சையத் உசேன் அலத்தாஸ் 1977-இல் வெளிவந்த தம் நூலில் பிரித்துப் போட்டார்.

1931 கணக்கெடுப்பை நடத்திய விலிலாண்ட் தம் அறிக்கையிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இந்தச் சொல்லைச் சரியாக வரையறுக்க முடியாது, பிறந்த இடம், வம்சம், அரசியல் சார்பு, சமூக நெருக்கம் எல்லாவற்றையும் நடைமுறை வசதிக்காகக் கலந்து வைத்திருக்கிறோம். கட்டம் போட்டவரே சொல்லும் வாக்குமூலம் இது. தேர்வில் இதைக் குறிப்பிடும் மாணவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 160-ஆம் விதியையும் சேர்த்துப் படிக்கலாம். ‘மலாய்க்காரர்’ யார் என்று சொல்லும்போது அது சமயம், வழக்கமாகப் பேசும் மொழி, பண்பாட்டு வழக்கம் ஆகியவற்றோடு பிறப்பிடத்தையும் வசிப்பிடத்தையும் பார்க்கிறது. உடற்கூறு பற்றி ஒரு சொல் கிடையாது.

அப்படின்னா எல்லாம் பொய்யா? மாணவர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐம்பது ரிங்கிட் நோட்டும் நாம் எல்லாரும் ஒத்துக்கொண்டதால் மட்டுமே பணம். அதற்காக அதைக் குப்பையில் போடுவோமா? தத்துவவாதிகளும் இங்கேதான் பிரிகிறார்கள். ‘இனம்’ என்ற சொல் சுட்டும் உயிரியல் பொருள் உலகில் எதுவும் இல்லை என்றார் அப்பையா. சாலி ஹாஸ்லாங்கரோ, சமுதாயம் உடலைப் பார்த்து ஒருவரை மேலேயோ கீழேயோ வைக்கிறதே, அந்த இடம் நிஜம் என்றார். இயன் ஹாக்கிங் சொன்னதுதான் நம் வரலாற்றுக்கு அதிகம் பயன்படும்: பெயர் சூட்டப்பட்ட மனிதர்கள் சும்மா இருப்பதில்லை, அந்தப் பெயரை எடுத்து அதற்குள் வாழ ஆரம்பிக்கிறார்கள், பெயரின் பொருளும் அதனால் மாறுகிறது.

கோ. சாரங்கபாணியைப் பாருங்கள். தமிழர் சீர்திருத்த சங்கம், 1935-இல் ‘தமிழ் முரசு’, 1952-இல் தமிழர் திருநாள் என்று அவர் உழைத்தது எதற்கு? சாதி சாதியாகப் பிரிந்து கிடந்த ஆட்களைத் ‘தமிழர்’ என்ற ஒரே பெயரில் நிற்க வைக்கத்தான். அந்தத் ‘தமிழர்’ தானாக முளைத்தது அல்ல, கட்டப்பட்டது. மேலிருந்து அதிகாரி கட்டியதும் உண்டு, கீழிருந்து நாமே கட்டியதும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், ‘இனமே கட்டமைப்புத்தானே, பிறகு தமிழ்ப்பள்ளி எதற்கு?’ என்ற கேள்விக்கு நம் பிள்ளைகளிடம் பதில் இருக்காது.

நம் மொழியிலும் ‘இனம்’ ஒரே பொருளில் நிற்கவில்லை. ‘இன எழுத்து’ என்று இலக்கணத்தில் படிக்கிறோம். வள்ளுவரின் ‘சிற்றினம் சேராமை’யில் இனம் என்பது பிறப்பே அல்ல, நாம் சேரும் கூட்டம்.

வகுப்பில் செய்ய ஒரு சின்ன வேலை. 1871 பட்டியலையும் 1891 பட்டியலையும் வெண்பலகையில் எழுதி, அப்துல்லாவை எங்கே போடுவது என்று கேளுங்கள். மொழியா, சமயமா, தந்தைவழியா, எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று காரணம் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் இருவரும் வேறு வேறு இனமாகப் பதிவான பிள்ளை வகுப்பில் இருந்தால், சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதிய முடிகிறது என்பதைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை பேச விரும்பினால் மட்டும் பேச விடுங்கள்.