கொடையான கூலி

ஒரு வழக்கத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் அதற்கு மக்கள் இட்ட பெயர்களை நோக்குதல் நன்று. உணவுச்சாலையிலே பரிமாறுபவருக்கு விலைச்சீட்டின் தொகைக்கு மேலாகக் கொடுக்கும் காசைப் பிரெஞ்சுக்காரர் 'பூர்புவார்' என்பர்; குடிப்பதற்கு என்பது அதன் பொருள். ஜெர்மானியரின் 'டிரிங்கெல்ட்' என்பதும் குடிகாசுதான். ருஷ்யர் சற்று மிதமானவர்கள். 'நா சாய்', அதாவது தேநீருக்கு, என்றனர். நம் நாட்டில் தமிழரும் சிங்களவரும் 'சந்தோஷம்' என்கின்றோம். குடி, தேநீர், சந்தோஷம்: இவற்றுள் எதிலாவது உழைப்பின் சாயலோ கூலியின் சாயலோ உண்டா? பெறுபவர் அக்காசைக் கொண்டு அரிசி வாங்குகிறார். பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறார். பெயரோ, அவர் களித்திருப்பதற்காக நாம் இரங்கிக் கொடுத்ததாகக் கூறுகிறது.

ஆங்கிலத்து 'டிப்' என்ற சொல்லுக்கு, விரைவான சேவையை உறுதிப்படுத்தல் எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே மூலம் என ஒரு கதை உண்டு. வகுப்பறைகளிலேகூட இக்கதை சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். கதை பொய். பழைய இங்கிலாந்துத் திருடரின் குழூஉக்குறியிலே 'டிப்' என்றால் 'கொடு' என்று பொருள். அவ்வளவே. திருடரின் மொழியிலிருந்து கனவான்களின் மொழிக்கு ஏறிய சொற்கள் வேறும் பலவுள.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், பெரிய மாளிகைகளுக்கு விருந்துக்குச் சென்றவர்கள் விடைபெறும்போது வேலைக்காரர் வாயிற் கூடத்தில் வரிசையாக நிற்பர். தொப்பியை எடுத்துக் கொடுத்தவனுக்கு ஒன்று, மேலங்கியைக் கொடுத்தவனுக்கு ஒன்று, பந்தியிலே பரிமாறியவனுக்கு ஒன்று என விருந்தாளி காசு வைத்தல் வேண்டும். எசமானரோ இவ்வரும்படியைக் கணக்கில் வைத்தே தம் வேலைக்காரருக்குச் சம்பளம் பேசினர். தம் வீட்டு ஆட்களின் ஊதியத்தில் ஒரு பங்கைத் தம் விருந்தாளிகளின் தலையிற் சுமத்தினர் என்க. 1760ஆம் ஆண்டில் யோனஸ் ஹான்வே என்பவர் இவ்வழக்கத்தைக் கண்டித்துக் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்திலும் பிரபுக்கள் இதை ஒழிக்க முற்பட்டனர். 1764இல் லண்டன் ரனெலா பூங்காவிலே வேலைக்காரர் கலகம் செய்தனர். இக்கலகத்தை வேலைக்காரரின் பேராசைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வருவாயின் ஒரு கை வெட்டப்படும்போது மறு கை வளருமா என்று அஞ்சுவது பேராசையன்று. இந்த அச்சம் இவ்வரலாறு முழுவதும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதை மேலே காண்போம்.

இவ்வழக்கம் தன் முழு உருவையும் வெளிப்படுத்திய இடம் அமெரிக்காவாகும். உள்நாட்டுப் போருக்கு முன்பு அந்நாட்டார் பலர் இதைப் பிரபுக்களின் எச்சம் என இகழ்ந்தனர். சுதந்திர மனிதன் இன்னொரு சுதந்திர மனிதனுக்குச் சில்லறையை எறிவது குடியரசுக்கு இழிவு என்று பேசினர். ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் போய்வந்த செல்வர்கள் இதைக் கொண்டுவந்தனர். ஆனால் வந்த விதை வேரூன்ற ஒரு நிலம் வேண்டுமல்லவா? அந்த நிலம் 1865இல் கிடைத்தது. அடிமை முறை அவ்வாண்டிலே சட்டத்தால் ஒழிந்தது. காணியும் இன்றிக் கைம்முதலும் இன்றி விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பரிமாறுவோராகவும், சுமை தூக்குவோராகவும், ரயிலிற் படுக்கை விரிப்போராகவும் வேலை தேடினர். அவர்களுக்குக் கூலி கொடுத்துப் பழகாத சமுதாயம் ஒன்று, கூலி கொடாமலே வேலை வாங்கும் புதிய வழியைக் கண்டது.

ஜோர்ஜ் புல்மன் 1867இல் தொடங்கிய கொம்பனி தூங்கும் வசதியுள்ள ரயிற் பெட்டிகளை ஓட்டியது. மறு ஆண்டிலே உணவுப் பெட்டியும் வந்தது. நியூயோர்க்கின் புகழ்பெற்ற உணவுச்சாலை ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. பெட்டிகளில் ஊழியம் செய்ய விடுதலை பெற்ற அடிமைகளையே புல்மன் விரும்பிச் சேர்த்தார். பணிவு அவர்களுக்குப் பழக்கம் என்பது அவரது கணக்கு. பயணிகள் அவ்வூழியர் எல்லோரையும் 'ஜோர்ஜ்' என்றே அழைத்தனர். அடிமைக்கு எசமானின் பெயரை இடும் பழைய முறையின் தொடர்ச்சி இது. இதிலே வேடிக்கை ஒன்றுமுண்டு: இவ்வழக்கத்தை நிறுத்துவதற்கென 1914இல் ஒரு சங்கம் தோன்றியது, தொடங்கியவர் ஜோர்ஜ் என்ற பெயருடைய வெள்ளைக்காரச் செல்வர். ஊழியனின் மானத்தைக் காப்பதன்று, தம் பெயரின் மானத்தைக் காப்பதே நோக்கம்!

1915இல் அமெரிக்க அரசு அமைத்த கைத்தொழில் உறவு ஆணைக்குழு, பிராங் வால்ஷ் தலைமையில், இக்கொம்பனியின் நிருவாகிகளை அழைத்து விசாரித்தது. போர்ட்டர் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 27 டொலர் 50 சதம் என்பதும், அதனைக் கொண்டு ஒருவர் வாழ இயலாது, பயணிகளின் வெகுமதியை நம்பியே கொம்பனி சம்பளத்தை அவ்வளவிற் கட்டியிருந்தது என்பதும் அங்கே வெளியாயின. சாட்சி கூற வந்தவர்களுள் கொம்பனிப் பணிப்பாளர் சபையின் தலைவரும் ஒருவர். அவர் பெயர் ரொபர்ட் டொட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன். தந்தை அறுத்த சங்கிலியின் இடத்திலே மகனின் கொம்பனி ஒரு சில்லறைத் தட்டை வைத்தது.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது விளங்காத செய்தியன்று. குடிமைத் தொழில் செய்தோருக்கு அறுவடைக் காலத்து நெல்லும், நன்மை தீமைகளின்போது ஒரு வேட்டியும் சிறு காசும் கொடுத்துவிட்டு, அதனைத் தம் கொடையென்று சொல்லிக்கொண்ட வீடுகளை நாம் அறிவோம். உழைப்புக்கு விலை பேசும் உரிமை ஒருவனுக்கு மறுக்கப்படும் இடமெங்கும் கூலி கொடை வேடம் பூணுகிறது. பேரம் பேசுபவனுக்கு நிமிர்ந்த முதுகு வேண்டும். கொடை பெறுபவனுக்கு வளைந்த முதுகு போதும்.

1925 ஆகஸ்ட் 25இல் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் தூங்கும் பெட்டிப் போர்ட்டர்களின் சங்கம் தோன்றியது. ஆசா பிலிப் ராண்டொல்ப் அதன் தலைவர். அவர் போர்ட்டரல்லர், பத்திரிகையாசிரியர். கொம்பனியால் வேலை நீக்கம் செய்ய முடியாத ஒருவர் வேண்டும் என்றே அவரைத் தேர்ந்தனர். அக்காலத்தில் போர்ட்டர் ஒருவர் முழுச் சம்பளத்துக்காக மாதத்தில் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் ஓடவேண்டியிருந்தது. சப்பாத்துக்குப் பூசும் மையைக்கூடத் தம் காசில் வாங்கினர். சங்கம் கேட்டவற்றுள் முக்கியமானது, வெகுமதியை நம்பாது வாழத்தக்க சம்பளம். 1927இல் சங்கம் மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவிடம் முறையிட்டது: பயணிகளின் வெகுமதியைச் சம்பளத்தின் பகுதியாக்கும் முறை சட்டத்துக்கு முரணானது என்பது வாதம். தனக்கு அதிகாரமில்லை என்று ஆணைக்குழு 1928இல் முறைப்பாட்டைத் தள்ளிவிட்டது.

போர்ட்டர்களுக்குள்ளேயும் தயக்கம் இருந்தது. செல்வர் மிகுதியாகப் பயணம் செய்யும் வழித்தடங்களில் ஓடியவர்களுக்குச் சம்பளத்தைவிட வெகுமதி நன்றாகவே கிடைத்தது. சங்கம் வென்று சம்பளம் உயர்ந்தால் பயணிகள் கையை மூடிக்கொள்வார்களோ? ரனெலா பூங்காவின் பழைய அச்சம் மீண்டும் பேசியது. இவ்வச்சத்தைப் பழிப்பதில் பயனில்லை. இதனை வென்றுதான் சங்கம் கட்டவேண்டியிருந்தது. கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1937இல், புல்மன் கொம்பனி ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டது. மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. இச்சங்கத்திலே பயின்ற மொன்ட்கொமரி நகரத்துப் போர்ட்டர் எட்கர் நிக்சன் 1955இன் பஸ் பகிஷ்கரிப்பைத் தொடக்கி வைத்தவர்களுள் ஒருவர். 1963இல் வாஷிங்டன் நகருக்குச் சென்ற பெரும் பேரணியின் தலைவர் ராண்டொல்ப்.

இதற்கிடையே வெகுமதியைச் சட்டத்தாலே ஒழிக்கும் முயற்சியும் நடந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் இதனைக் குற்றமாக்கியது. மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி ஆகியனவும் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாச் சட்டங்களும் மறைந்தன. மறைந்ததில் வியப்பில்லை. கொடுப்பதையும் வாங்குவதையும் தடுத்த அச்சட்டங்கள், முதலாளி எவ்வளவு கூலி கொடுக்கவேண்டும் என்று ஒரு வரியும் கூறவில்லை. பரிமாறுபவரின் தட்டை மட்டும் பறித்தன.

பின் வந்த சட்டங்கள் மறு வழியிற் சென்றன. 1938இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 25 சதமாக, வந்தது. ரயில் நிலையங்களிற் சுமை தூக்கிய சிவப்புத் தொப்பிக்காரருக்கு இது கிடைக்கும் என எண்ணப்பட்டது. ரயில் நிருவாகங்கள், பயணிகள் கொடுப்பதையே அக்கூலியாகக் கணக்கிடுவோம், குறைந்தால் குறையை நிரப்புவோம் என்றன. 1942இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 1966இல் ஹோட்டல், உணவுச்சாலைத் தொழிலாளருட் பலர் சட்டத்தின் கீழ் வந்தபோது, குறைந்தபட்சக் கூலியிற் பாதிவரை வெகுமதியாற் கழிக்கலாம் என்று சட்டமே எழுதிவிட்டது. 1996இல் முதலாளி கொடுக்கவேண்டிய தொகை மணிக்கு 2 டொலர் 13 சதத்தில் நிறுத்தப்பட்டது. பொதுக் குறைந்தபட்சக் கூலி 2009இல் 7 டொலர் 25 சதமாயிற்று. அந்த 2 டொலர் 13 சதம் அசையவில்லை. இடையிலுள்ள 5 டொலர் 12 சதத்தை உண்ண வருபவன் கொடுக்கிறான். கலிபோர்னியா, ஒரிகன் முதலிய ஏழு மாநிலங்கள் இக்கழிவை அனுமதிப்பதில்லை. வெகுமதியை முதலிலே தடைசெய்து தோற்ற வாஷிங்டன் அவற்றுள் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

மக்கள் எழுச்சிக் காலங்களில் இவ்வழக்கம் ஒரே நாளிற் கூசிப் பின்வாங்கியதும் உண்டு. 1917இன் பெத்ரோகிராட் உணவுச்சாலைகளிலே பரிசாரகர் வெகுமதி வாங்க மறுத்தனர் என்றும், அதைக் கொடுக்க முன்வருவது தம்மை அவமதிப்பதாகும் என்று சுவர்களில் எழுதி வைத்தனர் என்றும் ஜோன் ரீட் பதிந்துள்ளார். 1936இன் இறுதியிற் பார்சலோனா சென்ற ஜோர்ஜ் ஓர்வெல், மின்தூக்கிப் பையனுக்குக் காசு கொடுக்க முயன்றதற்காக ஹோட்டல் முகாமையாளரிடமே அறிவுரை கேட்க நேர்ந்தது. சில மாதங்களின் பின் அவர் போர்முனையிலிருந்து திரும்பியபோது, பரிசாரகர் மீண்டும் கஞ்சியிட்ட சட்டை அணிந்து நின்றனர். அச்சட்டையைக் கண்டே நகரில் அதிகாரம் கைமாறுவதை அவர் உணர்ந்தார். ருஷ்யாவிலும் தேநீர்க் காசு பின்னர் மெல்லத் திரும்பியது.

எழுச்சியில்லாத காலங்களில் ஐரோப்பியத் தொழிலாளர் படிப்படியாகச் சென்றனர். பாரிஸ் பரிசாரகர் 1907இல் மீசை வைக்கும் உரிமைக்கும் வேலை நிறுத்தம் செய்தனர் என்றால் இளைஞர் சிரிக்கலாம். மழித்த முகம் வேலைக்காரனின் அடையாளமாயிருந்த காலம் அது. சேவைக் கட்டணமாக அறவிடுவது முழுவதும் ஊழியரைச் சேர வேண்டும் என்று 1933இல் பிரான்சிலே சட்டம் வந்தது. 1987 முதல் அக்கட்டணம் உணவின் விலையிலேயே அடங்கிவிட்டது. பிரித்தானியாவில் கதை வேறு. லண்டன் உணவுச்சாலை ஒன்றின் பரிசாரகர், காசோலையாலும் கடன் அட்டையாலும் செலுத்தப்பட்ட வெகுமதியை முதலாளி சம்பளக் கணக்கிற் சேர்ப்பதை எதிர்த்து வழக்காடினர். அப்பணம் முதலாளியின் உடைமை என 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது; 2002இல் ஸ்திராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. வெகுமதியைக் குறைந்தபட்சக் கூலியிற் சேர்க்கலாகாது என 2009இலும், அதை முழுமையாக ஊழியருக்கே பங்கிட வேண்டும் என 2024 ஒக்டோபரிலும் விதிகள் நடைமுறைக்கு வந்தன.

நம் நாட்டுப் பெரிய ஹோட்டல்களின் விலைச்சீட்டிலும் பத்து வீதச் சேவைக் கட்டணம் அச்சிடப்பட்டு வருகிறது. தட்டிலிட்ட காசு பரிமாறியவரின் கண்முன்னே அவர் பைக்குச் சென்றது. சீட்டிலேறிய காசு கணக்கப்பிள்ளையின் புத்தகத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து அது எவ்வாறு பங்கிடப்படுகிறது, அடுப்படியில் நிற்பவருக்கும் கோப்பை கழுவுபவருக்கும் எத்தனை பங்கு, மாதச் சம்பளம் அதைக் காட்டிக் குறைத்துப் பேசப்படுகிறதா என்பவை சீட்டில் எழுதப்படுவதில்லை. அக்கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையே அங்குள்ள ஊழியர் கேட்கவேண்டிய முதற் கோரிக்கையாகும்.